கேடயத்தின் பின்னால்

அம்பு வந்ததும் இவன் ஒதுங்கிவிட்டான், அண்ணன் ஒதுங்கவே மாட்டான் என்று நினைத்தாள் இசைமொழி. பக்கத்தில் உட்கார்ந்து கணினி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவன்தான் அவளுடைய அண்ணன் பரிதி.

கப்பல் வேலைக்குப் போகும்போது, தங்கை தனியாகிவிடுவாளே என்று, அந்த விளையாட்டில் தான் ஆடிவந்த இளவரசனை, தான் இல்லாதபோதும் தன்னைப் போலவே தானாக ஆடப் பழக்கிவிட்டுப் போயிருந்தான். அந்த இளவரசன் அவளுக்கு வாள் வீசக் கற்றுக்கொடுத்தான். அவள் அவனுக்கு வில் பழக்கினாள். அம்பு வரும்போதெல்லாம் கேடயத்தோடு அவள் முன்னால் வந்து நின்றான். அவள் அழுத நாட்களில், "சண்டை வேணாம், குதிரைக்குத் தண்ணி காட்டலாம் வா" என்பான்.

வருடங்கள் கழித்து இன்று வீடு திரும்பிய பரிதி, இளவரசனைத் தானே ஆடினான். முதல் அம்பு அவள் ஆடிய இளவரசியின் தோளில் தைத்தது.

"குனிய வேண்டியதுதானே, லூசு!" என்று சிரித்தான் பரிதி.

"நீ முன்னாடி வருவேன்னு நின்னேன்."

"நானா?"

"கிளம்புற வரைக்கும் நீ அப்படித்தான் ஆடுனே."

"எனக்கு ஞாபகமே இல்ல பாப்பா." அவன் சிரிப்பு நின்றது. "அந்தப் பொய் அண்ணன அழிச்சிடு. அதான் நானே வந்துட்டேன்ல."

அவன் முகத்தில் பழைய அண்ணனைத் தேடினாள். களைத்த ஒரு மனிதன்தான் தெரிந்தான். பாவமாக இருந்தது.

"வேணாம்ணா" என்று சொல்லி, அவன் கையிலிருந்த விளையாட்டுக் கருவியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.