உயர்த்திய கை

அரண்மனைக் கூடத்தில் ஒரு பெரிய போர்க்கள ஓவியம் தொங்கியது. நடுவில் வாளை உயர்த்தியபடி ராஜா. நூற்றைம்பது வருடமாக வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைத்தான் புகழ்ந்தார்கள்.

ஒருநாள், பழைய பெட்டியில் கிடைத்த ஒரு பென்சில் படத்தை எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். முழ நீளக் காகிதம். படம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடுகள், மூலையில் எண்ணெய்க் கறை.

"யார் நீ?" என்றது ஓவியம்.

"உனக்கு மூத்தவன். என் கட்டங்களை எண்ணித்தான் ஓவியர் உன்னைப் பெரிசா வரைஞ்சார்."

ஓவியம் உற்றுப் பார்த்தது. பென்சில் படத்தில் ராஜா இல்லை. சேலையை இழுத்துச் செருகிய ஒரு பெண், கரண்டியை உயர்த்தி நின்றாள்.

"இவள் யார்?"

"ஓவியரோட சம்சாரம், செங்கமலம். வந்து நிக்க ராஜாவுக்கு நேரமில்லை. அடுப்படியிலிருந்த இவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். 'சோறு அடிப்பிடிக்குது, கையை இறக்கட்டுமா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு சிரிச்சுக்கிட்டே கோடு போட்டார்."



"என் முன்னால் அவர் சிரித்ததே இல்லை," என்றது ஓவியம். "ராஜாவின் ஆட்கள் எப்போதும் பக்கத்தில் நின்றார்கள். அப்புறம் என்ன நடந்தது?"

"தீய்ஞ்ச வாசனை வந்துது. கையை இறக்கிட்டு ஓடிட்டா."

"இறக்கிவிட்டாளா?" என்றது ஓவியம்.

நூற்றைம்பது வருடத்தில் முதல்முறையாக அதற்கு வாள் கனத்தது.