வியாழக்கிழமைக் கோளாறு

போதகர் நாரிமாவின் பழைய மோட்டார் சைக்கிள் வியாழக்கிழமை தவறாமல் நின்றுவிடும். அதுவும் ஒரே இடத்தில். அகாயிதி வீட்டு வாசலில்.

அகாயிதியின் புருஷன் நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கும் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவள் தனி. போதகரும் தனிக்கட்டை. ஐதுதாகி, பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு. ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்?

"வண்டி நிக்கிறது இருக்கட்டும்க்கா. ஐயா உள்ள போறாரு, சாவகாசமா பேசிட்டு வர்றாரு, ஒரே உதை. உடனே கெளம்பிடுது! அது என்ன வண்டியா, வளர்த்த நாயா?" என்றாள் அகாயிதியின் பக்கத்து வீட்டுக்காரி, தெபாயெருவிடம்.

தெபாயெரு சபையின் பெண்கள் சங்கத் தலைவி. அதைவிடப் பெரிய சங்கடம், அகாயிதி அவள் பெற்ற பெண்.

பெண் வேறு சபைக்காரனைக் கட்டிக்கொண்ட வாரமே, ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று தெபாயெரு சொல்லிவிட்டாள்: "நம்ம சபையில யாராச்சும் அவ வீட்டுப் படிய மிதிச்சா, அவங்க முகத்துல நான் முழிக்க மாட்டேன்."

தெபாயெருவின் வாய்க்குப் பயந்து யாரும் மிதிக்கவில்லை. போதகர்கூடத் தானாகப் போனதில்லை. வண்டிதான் போய் நின்றது.

"ஐயா, உங்க வண்டிய நம்ம கிமிகிட்ட விடுங்க. சங்கத்துச் செலவு," என்றாள் தெபாயெரு.

"எதுக்கும்மா? கார்பரேட்டர்ல குப்பை. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்."

"குப்பைன்னா எடுத்துடலாம்."

தேவாலயத்தை ஒட்டித்தான் கிமியின் பட்டறை. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். அதன் ஜெட் துளையை ஊதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று எல்லாப் பெட்ரோலையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினான்.

வியாழக்கிழமை வண்டி அகாயிதி வீட்டு வாசலில் நின்றது.

பெட்ரோல் குழாயை மாற்றினான். பிளக்கை மாற்றினான். மறு வியாழனும் நின்றது.

"என் பொழப்பையே கெடுக்குதுக்கா இந்த வண்டி. கடற்கரைப் பக்கம் போனா பயலுக சிரிக்கிறானுங்க," என்றான் கிமி.

"அப்ப அடுத்த தடவை நிக்கிற எடத்துலயே போய்ப் பாரு."

கிமி போனான். போதகர் உள்ளே இருந்தபோது வண்டியைச் சுற்றி வந்தான். அவரிடம் சொல்லிவிட்டு, உருட்டிக்கொண்டே, தெபாயெரு காத்திருந்த பட்டறைக்குத் திரும்பினான்.

"கோளாறு கெடைச்சிடுச்சுக்கா."

"என்ன?"

"பெட்ரோல் டேப் மூடியிருக்கு."

"மூடிக்கிச்சா?"

"அது எப்படித் தானா மூடிக்கும்? கையால மூடினாத்தான் உண்டு. மூடிட்டா, கார்பரேட்டர் கிண்ணத்துல இருக்கிறது தீர்ற வரைக்கும்தான் வண்டி ஓடும். ஐயா இங்க தேவாலய வாசல்ல மூடுறாரு. அங்க போய் நிக்குது. அம்புட்டுதான்."

தெபாயெருவின் முகம் சிவந்தது. பிரசங்க மேடையில் நிற்கிறவர்! தன் பெண்ணையும் சேர்த்தல்லவா ஊர் சிரிக்கிறது!

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நம்பலைன்னா நீங்களே ஓட்டிப் பாருங்க. டேப்பத் தொடாதீங்க. கிண்ணத்துல கொஞ்சம் ஊத்தித் தர்றேன்."

தெபாயெரு பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. வாழைத் தோட்டத்தைத் தாண்டியது. வளைவில் இருமியது. அகாயிதி வீட்டு வாசலில் உயிரை விட்டது.

கிமி சொன்னது நிஜம். போதகரை என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"என்ன ஐயா, கெளம்பிப் போயி மறுபடியும்..." என்று வந்த அகாயிதி, அப்படியே நின்றுவிட்டாள்.

வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. ஊரார் சொல்லித்தான் தெபாயெருவுக்குத் தெரியும். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அம்மா!" ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒருநாள் வருவேன்னு தெரியும்மா. வாரா வாரம் ஐயாகிட்ட சோறு குடுத்து விடுறவ, எத்தனை நாளைக்கு வராம இருப்பே?"

"சோறா?"

"இன்னிக்கு அனுப்பின கீரையும் தீந்துபோச்சு. ஐயா எல்லாம் சொன்னாரும்மா. ஊர் முன்னாடி வீம்பா பேசிட்டே, திரும்ப வர வெக்கம்... அதனால ரகசியமா குடுத்து விடுறேன்னு."

"நான் எங்கடி..." என்று தொடங்கிய தெபாயெரு, மகளின் வயிற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" அகாயிதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உன் கைப்பக்குவம் எங்கம்மா போச்சு? கீரைல உப்பு கரிக்குது. மீன் ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் பச்சை. ஆனா நீ செஞ்சதாச்சே, ஒரு வாய் மிச்சம் வைக்கலை."

அந்தத் தீவில் தெபாயெருவின் சமையலைக் குறை சொல்லிவிட்டு ஊரில் தலைகாட்டியவர் யாரும் கிடையாது.

தனிக்கட்டைப் போதகரின் வண்டியை அவள் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெல்ல இறங்கி, ஸ்டாண்டு போட்டாள்.

"வயசாயிடுச்சுல்லடி, முன்ன மாதிரி வரமாட்டேங்குது," என்றாள். "உள்ள வா. இப்ப ஒரு தடவை செஞ்சு பாக்குறேன்."