தாழ்ப்பாள்

சமரச மையத்தில் பேசுவது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது விதி. அதனால் சமரசர் நாச்சியார் எந்த வழக்கிலும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். ரோஸ்லின், பிரான்சிஸ் வழக்கிலும் போட்டார். பிரிந்து வாழும் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. சனி, ஞாயிறு பிள்ளை அப்பாவிடம் இருக்கலாமா என்று கேட்டார். "சரிங்க" என்றாள் ரோஸ்லின். பள்ளி விடுமுறை முழுக்க? அதற்கும் "சரிங்க." இவ்வளவு சுலபமாக ஒரு வழக்கு முடிந்து நாளாகிறது. ஒப்பந்தத்தை டைப் அடிக்கக் கொடுப்பதற்காக நாச்சியார் கதவைத் திறந்தார். ரோஸ்லின் எழுந்து வாசல்வரை வந்தாள். "பிள்ளைய அனுப்ப மாட்டேன் மேடம்" என்றாள். நாச்சியாருக்கு எரிச்சல் வந்தது. "இப்பத்தானேம்மா சரின்னீங்க? வாங்க, மறுபடி உக்காந்து பேசுவோம்." உள்ளே போனதும் பிரான்சிஸ், "நீங்க உக்காருங்க மேடம், நான் போடுறேன்" என்று தாழ்ப்பாளை இழுத்தான். சத்தம் வராமல், மெதுவாக, பழகிய கையால். ரோஸ்லின், முன்பு கிழிந்து தையல் போட்ட தழும்போடிருந்த காதிலிருந்து கம்மலைத் திருகிக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு இன்னொன்றை. பிறகு கண்ணாடி வளையல்களை. நாச்சியார் எதுவும் கேட்பதற்கு முன்பே "சரிங்க" என்றாள்.

நாச்சியார் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினார். கதவை அகலத் திறந்து, தன் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வராந்தாவில் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள்.

"கதவைச் சாத்துங்க மேடம்" என்றான் பிரான்சிஸ். "எல்லாரும் பாக்குறாங்க."

ரோஸ்லின் மடியிலிருந்து ஒரு கம்மலை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

"பாக்கட்டும்" என்றாள்.