கன்னத்தில் கை

“கையைக் கன்னத்துல வச்சுக்கம்மா” என்று சகாயம்மாள் தன் மருமகளிடம் சொன்னார்.

கேமராவின் கறுப்புத் துணிக்குள் இருந்த நான் தலையை வெளியே எடுத்தேன். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம்.

ஏனென்றால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே பாலக்கரை ஸ்டூடியோவில், இதே லூர்துராணியின் கையைக் கன்னத்திலிருந்து தட்டிவிட்டவர் இந்த அம்மாள்தான்.

அது ஐம்பத்துநாலு. லூர்துராணி அப்போது புதுப்பெண். சகாயம்மாளின் மகன் அற்புதசாமிக்குப் பினாங்கில் ஒரு கடையில் வேலை. லீவில் வந்தான், தாலி கட்டினான், நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏற நாள் நெருங்கிவிட்டது. ஜோடிப் படம் எடுத்து முடிந்ததும், தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அவன் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதற்கு.

எனக்கும் உற்சாகம். அந்தக் காலத்தில் பெண்கள் ஆசைப்பட்டது ஒரே போஸ்தான். ஸ்டூலில் முழங்கை, கன்னத்தில் கை, லேசாகச் சாய்ந்த தலை. அவளும் ஏதோ பத்திரிகை அட்டையில் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நான் சொல்வதற்கு முன்பே கை கன்னத்துக்குப் போய்விட்டது. நிஜமாகவே அழகாக இருந்தாள்.

பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது.

“கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாங்க. இவ, புருஷன் கப்பல் ஏறுறதுக்கு முந்தியே வைக்கிறா.”

இரண்டு கைகளையும் மடியில் வைத்து, உளுந்து மூட்டை போல அவளை உட்கார வைத்து எடுத்தேன். அழுகையை அடக்கிய முகம் எந்த லைட்டிலும் நன்றாக விழாது.

பேச்சை மாற்றுவதற்காக அற்புதசாமி, நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய என் திரைச்சீலையைக் கேலி செய்தான். அதில் கப்பல் வரைந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர். கடலைப் பார்த்தவரில்லை. அவர் கண்டதெல்லாம் காவிரிப் பரிசலும் பெருமாள் தெப்பமும்தான். தெப்பத்துக்குப் புகைபோக்கி வைத்து, புகையை ஒரு பக்கமும் கொடியை மறுபக்கமும் பறக்கவிட்டிருந்தார். இந்தக் கப்பல் போகிறதா, வருகிறதா என்று கேட்டான் அவன்.

வருவதாகவே இருக்கட்டும் என்றாள் லூர்துராணி. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

இரண்டு பிரதி போட்டேன். ஒன்று பினாங்குக்கு, ஒன்று வீட்டுக்கு.

அதன் பிறகு அவன் லீவில்கூட ஊருக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் அவளைப் பார்ப்பேன். பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் கை மடியிலேயே இருக்கும். ஒரு தடவை புத்தூர் ஆஸ்பத்திரியில் பல்வலியோடு நின்றிருந்தாள். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அப்போதும் கை முந்தானையைத்தான் பிடித்திருந்தது. மாமியார்கூடப் பக்கத்தில் இல்லை.

இன்று அந்த மாமியாரே கன்னத்தில் கை வைக்கச் சொல்கிறார்.

லூர்துராணியின் கழுத்தைப் பார்த்தேன். தாலி இருந்தது. அற்புதசாமி ஊர் திரும்பக் கிளம்பி, வழியில் கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று மெதுவாகக் கேட்டேன்.

“கப்பலுக்கு என்ன தம்பி? அது அன்னைக்கே நல்லபடியா போய்ச் சேந்துடுச்சு. கவிழ்ந்திருந்தாக்கூட ஒரு வருஷம் அழுதுட்டு இவ எந்திரிச்சிருப்பா.”

பெற்ற தாய் சொல்கிற சொல்லா இது என்று திகைத்துப்போனேன்.

மீதியைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பினாங்கிலிருந்து வந்த ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்து விஷயத்தை உடைத்தாராம். அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருக்கிறது. மூத்த பையன் பள்ளிக்கூடம் போகிறான். அன்றைக்குத் தான் மட்டும் கையைத் தட்டிவிடாமல் இருந்திருந்தால், அழகான ஒரு முகம் அவன் பெட்டியில் போயிருக்கும், அந்த முகத்துக்காகவாவது திரும்பி வந்திருப்பான். அதுதான் அவர் நெஞ்சை அறுக்கிறதாம். அவள் ஆசைப்பட்ட படத்தை இப்போதாவது எடுத்துக் கொடுக்கலாமென்று அழைத்து வந்தாராம்.

ஒரு போட்டோ ஒரு மனுஷனைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று என் தொழிலை அவ்வளவு நம்பியவர் அவர் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடியும் துணிக்குள் தலையை விட்டேன்.

லூர்துராணி கையைத் தூக்கினாள். பாதி தூரம் வந்த கை, பழக்கத்தில் மடிக்கே திரும்பிவிட்டது. இன்னொரு முறை தூக்கினாள். அப்போதும் அப்படித்தான்.

சகாயம்மாள் மருமகள் உட்கார்ந்திருந்த நாற்காலியிடம் போனார். தான் தட்டிவிட்ட அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினார். கன்னம்வரை கொண்டுபோக முடியவில்லை. அதற்குள் அவருக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அப்போதுதான் லூர்துராணியின் கை தானாக மேலே எழுந்து கன்னத்துக்குப் போனது. மாமியாரின் கன்னத்துக்கு.

நான் கேமராவின் ரப்பர் பந்தை அழுத்திப் படம் எடுத்ததை இருவரும் கவனிக்கவில்லை.

படத்தைக் கழுவிப் பார்த்தபோது சகாயம்மாளின் முதுகு திரைச்சீலையிலிருந்த அந்தப் பழைய கப்பலை முக்கால்வாசி மறைத்திருந்தது. லூர்துராணியின் முகம் பழைய படத்தைவிட எவ்வளவோ நன்றாக விழுந்திருந்தது. இந்த முகம் அன்றைக்கு விழவில்லையே என்று எனக்கே வருத்தமாகிவிட்டது.

படம் வாங்க அவள் தனியாக வந்தாள். அன்று போலவே இரண்டு பிரதி போட்டு வைத்திருந்தேன்.

இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். பிறகு ஒன்றை மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“ஒண்ணு போதுங்க.”