கூப்பிடும் பெயர்

டாக்டரம்மா நீட்டிய மாதிரிக் கருவியை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது. காதுக்குப் பின்னால் இது. அறுத்து, தோலுக்கு அடியில் இன்னொன்று.

பக்கத்து நாற்காலியில் அப்பா விடாமல் பேசிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் துறையூர் பஸ்ஸில் கண்டக்டர். காது கேட்காத மகளிடமும் கத்தித்தான் பேசுவார். அவர் உதடுகள் அவளுக்கு மனப்பாடம்.

டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. அவளுக்காகத் தாளிலும் எழுதிக் காட்டினார். பிறவியிலேயே கேட்காத காது, வயதும் இருபத்தாறு. பொருத்தினால் சத்தம் வரும். பேச்சு விளங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நாள் தவறாமல் பயிற்சி வேண்டும். முடிவு உன்னுடையது.

அதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார்.

அவளுக்கு என்ன குறைச்சல்? ஒயர் கம்பெனியில் பதினான்கு பேருக்கு லீடர். பதினான்கு பேரும் கையால் பேசுகிறவர்கள். அவள் ஒரு விரல் காட்டினால் லைன் நிற்கும். மேனேஜரே சைகை கற்றுக்கொண்டுதான் அவளிடம் வேலை சொல்ல வருகிறார்.

வீட்டில்தான் யாரும் கற்கவில்லை. சாப்பிடு, வா, தூங்கு. இருபத்தாறு வருஷத்தில் மூன்றே மூன்று.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மெதுவாகச் சொன்னதால் அவளுக்கு ஒன்றுவிடாமல் தெரிந்தது.

"மேகலான்னு கூப்புட்டா ஒரு தடவ அவ திரும்பிப் பாக்கணும். அது போதும்மா எனக்கு."

அடப்பாவமே. இத்தனை ஆசையை எங்கே வைத்திருந்தார் இந்த மனிதர்?

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவருக்காகச் செய்துகொண்டால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது.

ஆனால் கத்திக்குத் தலையைக் கொடுக்கப்போவது அவள்.

கருவியை மேசைமேல் வைத்தாள். போனில் தட்டி டாக்டரம்மாவிடம் காட்டினாள். 'எனக்கு வேண்டாம் மேடம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.'

அடுத்ததை அப்பாவிடம் காட்டினாள்.

'என்னைக் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது அப்பா. உங்களுக்குத்தான் தெரியாது.'

அவர் முகம் தொங்கிப்போனது.

அவள் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காதுக்கு மேலே செருகிக் காட்டினாள்.

திருச்சியில் கையால் பேசுகிற அத்தனை பேருக்கும் அவள் பெயர் அதுதான். ஏழு வயதில் காது கேளாதோர் பள்ளி விடுதித் தோழிகள் வைத்தது. எந்நேரமும் காதில் பேனா செருகிக்கொண்டு திரிந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

யாரைப் பார்த்து அப்படித் திரிந்தாள் என்று அவள் தட்டிக் காட்டவில்லை. அப்பாவின் கை தன் காதுக்குப் போயிருந்தது. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் பேனா அங்கேதான் இருந்தது.



வெளியே வந்ததும் அவள் கூட்டத்தைத் தாண்டி வாசல் பக்கம் போய் நின்றாள். திரும்பினால், அப்பா பக்கத்தில் ஒரு நர்ஸ். நர்ஸின் கையில் அவள் விட்டுவந்த ஃபைல். பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் வாயெடுத்திருப்பாள் போலிருக்கிறது.

அப்பா நர்ஸைக் கையமர்த்தினார்.

பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அத்தனை பேர் பார்க்க, இரண்டு விரல்களைச் சேர்த்துக் காதோரம் செருகினார். வாயைத் திறக்கவே இல்லை.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பார்த்துவிட்டாள். ஆனாலும் பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு தடவை கூப்பிடட்டும்.