வாசலில் நிற்பவர்

"வாசல்ல நிக்கிறவனை முதல்ல மாத்து. யார் எதைக் கேட்டு வந்தாலும் உள்ள அனுப்பிடறான். என்ன கேட்டாங்கன்னு மட்டும் சொல்றதே இல்ல" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான் கணவன்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவனுடைய ஆபீஸ் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது அவள் தம்பி. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை.

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள். "என் தம்பின்னா அவ்வளவு இளக்காரமா?"

கணவன் சிரித்துவிட்டான். "மச்சினனை யாரு சொன்னா? இது எங்க வெப்சைட்டை நடத்துற சர்வர் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கிற ஒரு வரி. ஆபீஸ்ல அதை அப்படித்தான் கூப்பிடுவோம். வெப்சைட்ல யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ஒரே புரோகிராமுக்குத் திருப்பி விடும். கேட்ட முகவரியையும் கூடவே கொடுத்தனுப்பணும். கொடுக்கல. அதான் எல்லாருக்கும் முதல் பக்கமே வருது."

"அந்த வரியை எழுதின மகராசன் யாரு?"

"நான்தான்" என்று இழுத்தான்.

"அதானே பார்த்தேன்! காலையில எங்கம்மா போன் பண்ணாங்கன்னு சொன்னீங்க. எதுக்குன்னு சொன்னீங்களா?"

கணவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க..."

காலிங்பெல் அடித்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே அழுத்தாக.