பாதி விலைத் துப்பாக்கி

வெள்ளியங்கிரி யார் சொல்லையும் நம்பிப் பொருள் வாங்குகிறவரில்லை. வேட்டைத் துப்பாக்கியை மடக்கி, குழலை மோந்து பார்த்தார். மருந்து வாடை குப்பென்று அடித்தது.

"அஞ்சு வருசமாச் சுடவே இல்லைன்னு சொன்னயே அம்மிணி, யாரு காதுல பூச்சுத்தற? சுட்டுப்போட்டுத் தொடைக்காம வெச்சா உள்ள அரிச்சுப் போகாதா? சொன்ன வெலையில பாதிதான்."

உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. கூரையில் ஓடு உடைந்து வானம் தெரிந்தது. குழலை அதற்கு நேராகத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். உடைந்த ஓட்டைச் சுற்றி, கைமரமெல்லாம் ஈய ரவை பதிந்திருந்தது. நேர் கீழே கட்டிலில் துப்பாக்கியை விற்கக் கூப்பிட்ட பழனாத்தாவின் புருசன் நாச்சிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"நெஞ்சுல வெச்சுட்டாருங்க மாமா. நாந்தான் தட்டிவிட்டேன்" என்றாள் அவள், மெதுவாக. "பாதி எதுக்குங்க, சும்மாவே கொண்டு போயிருங்க."

நாச்சிமுத்து திரும்பாமலே பேசினான்.

"அவ கெடக்கறா, உடுங்க மாமா. இன்னைக்கு இங்கயே வெச்சுட்டுப் போங்க. நல்லாத் தொடச்சு வெக்கறேன். காலையில வந்து முழு வெலைக்கே எடுத்துக்கங்க."